ஆள் இருக்கும் வீட்டை வாங்கியவன்

என் மகள் வயிற்றுப் பேரனை வீட்டில் எல்லோரும் சுண்டு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தான். வளர்ந்தும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அந்த உடம்புதான் இன்றைக்கு அவனுக்குச் சோறு போடுகிறது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை. மற்ற ஆள் கையை நுழைக்கவே யோசிக்கிற சந்தில் இவன் உடம்பையே நுழைத்துவிடுவான். "எலி மாதிரிடா நீ" என்பார் அவன் அப்பா. "எலிக்கு ஒரு வளை இருக்கு. எனக்கு அதுவும் இல்ல" என்பான் இவன்.

அவன் வீடு வாங்கின கதையைத்தான் சொல்லப்போகிறேன். வாங்கினான் என்று சொல்வதா, இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறான் என்று சொல்வதா, அதுவே எனக்குப் பிடிபடவில்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டில் பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த வீடு. ஒருத்தர் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்பார். இன்னொருத்தர் வாடகையை ஏற்றுவார். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அதுவும் காலி செய்யச் சொல்கிற மாதிரிதான். தூக்கித் தூக்கியே அவர்கள் ஃப்ரிட்ஜ் நெளிந்துபோய்விட்டது. அவன் பெண்டாட்டி திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை செய்கிறாள். கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும். ஊரில் இருக்கிற ஜன்னலுக்கெல்லாம் தைக்கிறவள் தன் வீட்டு ஜன்னலில் பழைய போர்வையைச் செருகி வைத்திருப்பாள். ஏன் என்றால், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எந்த வீட்டுக்காரரும் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் சொல்வார்.

சேர்த்து வைக்கத் தெரியாத பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் உழைக்கிறார்கள். வெளியே ஒரு வாய் சாப்பிடுவது கிடையாது. ஆனால் முன்பணம் சேர்ந்துவிட்டது என்று போய் நின்றால், விலை எங்கேயோ போயிருக்கும். "நான் படியில ஏறுறேன் பாட்டி, விலை லிஃப்ட்ல ஏறுது" என்பான்.

அவன் அப்பாவுக்கு இது மண்டையில் ஏறாது. லாரி ஓட்டியவர். ஒற்றைச் சம்பளத்தில் நாங்கள் இப்போது இருக்கிற இரண்டு அறை வீட்டை வாங்கியவர். அதைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"உன் வயசுல நான் வீட்டுக்கு வெள்ளையடிச்சு முடிச்சிட்டேன்டா."

"அப்பா, நீங்க அன்னிக்குக் குடுத்த விலைக்கு இன்னிக்கு இந்த வீட்டு பாத்ரூம் கதவு கூட வராது."

"கதவை எல்லாம் தனியா விக்கிறாங்களா?"

"வித்தா முதல்ல அதை வாங்கிக்கிறேன். மீதியை என் பொண்ணு வாங்கட்டும்."

எங்களோடு வந்து இருக்கவும் வழி இல்லை. ஓர் அறையில் அவன் அண்ணன் குடும்பம். இன்னொன்றில் என் மகளும் மருமகனும். நடுவில் நான் கட்டில் போட்டுக் கிடக்கிறேன்.

பேங்க்கில் போய்க் கேட்டிருக்கிறான். இவன் வேலை ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுசாகக் கையெழுத்துப் போட வேண்டும். "அடுத்த வருஷம் உங்களுக்கு வேலை இருக்கும்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டாராம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். "அடுத்த வருஷமும் ஜனங்க மாடி ஏறித்தானே ஆகணும் சார்" என்றானாம் இவன். அவர் நன்றாகச் சிரித்தாராம். சிரித்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

அந்தச் சமயத்தில்தான் டைப்பிஸ்ட் அம்மா வந்து சேர்ந்தாள்.

இவன் மாதா மாதம் போய்ப் பார்க்கிற லிஃப்ட்டுகளில் ஒன்று ஆறு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. ஆறாவது மாடியில் அந்த அம்மா தனியாக இருந்தாள். ஏதோ ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி இல்லை. கால் வீக்கம், இதயம் பலவீனம். படி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேலே வேலை பார்க்கப் போகும்போதெல்லாம் இவனுக்குத் தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பாள்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி அவன் முன்பே என்னிடம் சொல்லியிருந்தான். "பாதி வீட்டுக்கு மேல பூட்டிக் கிடக்கு பாட்டி. காசு இருக்கிறவங்க வாங்கிப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. விலை ஏறட்டும்னு. கதவு கைப்பிடியில தூசி அப்பிக் கிடக்கும். மேல போறதுக்கு அந்த அம்மாவைத் தவிர ஆளே இல்ல. மத்தவங்க எல்லாம் கீழ் மாடியில இருக்காங்க, அவங்களுக்கு லிஃப்ட் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன." அப்போது அதை நான் காதில் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒருநாள் அந்த அம்மா கேட்டாளாம். "தம்பி, இந்த வீட்டை நீ வாங்கிக்கிறியா?"

"என்னையே வித்தாலும் ஆகாதும்மா."

"முழுசா கேளு. நான் இருக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். போனதுக்கு அப்புறம் வீடு உனக்கு. இப்ப கொஞ்சம் முன்பணம் குடு. பிறகு மாசா மாசம், நான் இருக்கிற வரைக்கும், ஒரு தொகை. நான் சீக்கிரம் போனா உனக்கு லாபம். போகலைன்னா எனக்கு லாபம்." சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். "சீட்டாட்டம் மாதிரிதான். ஆனா நான் நல்லா ஆடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

இதை அவன் எங்கள் வீட்டில் வந்து சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் முகம் எல்லாம் மலர்ந்துவிட்டது. என் மகள் கேட்ட முதல் கேள்வி: "அந்த அம்மாவுக்கு என்ன வயசு?" இரண்டாவது கேள்வி: "உடம்புக்கு என்னவாம்?"

"ஒருத்தி மூச்சு எப்ப நிக்கும்னு பாத்துக்கிட்டு வீடு வாங்குவீங்களா? இது உருப்படுமா?" என்றேன்.

சுண்டு பெண்டாட்டி பொதுவாக என்னை எதிர்த்துப் பேச மாட்டாள். அன்றைக்குப் பேசினாள். "பாட்டி, வேற எந்த வழியில எங்களுக்கு வீடு கிடைக்கும்னு நீங்களே சொல்லுங்க. அதை எடுத்துக்கிறேன்."

நான் வேண்டாம், வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கிழவி சொல்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

எழுதி முடித்தார்கள். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. தொடர்ந்து மூன்று மாதம் பணம் கட்டாவிட்டால் பேச்சு முறிந்தது. வீடு அந்த அம்மாவுக்கே போய்விடும், கொடுத்தது எதுவும் திரும்பாது. அதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை. மூன்று மாதம் விடுவோமா என்ன!

பணத்தைக் கையில்தான் தர வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. "வாரிசு முகத்தைப் பாக்க வேணாமா?" என்பாளாம். வாரிசு என்றே அவனுக்குப் பேர் வைத்துவிட்டாள். கதவைத் திறந்ததும், "இன்னும் இருக்கேன் வாரிசு, உள்ள வா" என்பாளாம். அவனும் சிரிப்பானாம். முதல் வருஷம் நிஜமாகவே சிரித்தான்.

குடும்பத்தோடு போவார்கள். ஒருமுறை அந்த அம்மா அடுப்பங்கரையில் இருந்தபோது சுண்டு பெண்டாட்டிக்குக் கை சும்மா இருக்கவில்லை. கழுத்து நாடாவை எடுத்துக் கூடத்து ஜன்னலை அளந்திருக்கிறாள். பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த ஜன்னல் கொஞ்சம் கோணல். கீழயும் ஒருதரம் அளந்துக்கோ. இல்லாட்டி துணி ஒரு பக்கம் தூக்கிக்கும்." இவளுக்கு வெட்கமாகப் போய்விட்டதாம். ஆனால் அளந்தாள். கீழேயும் அளந்துகொண்டுதான் வந்தாள். அவளே என்னிடம் சொன்னாள்.

டாக்டர் கைவிட்ட மாதிரிப் பேசிய உடம்பு, கையில் காசு புரண்டதும் தேற ஆரம்பித்தது. அந்த அம்மா கண் ஆபரேஷன் செய்துகொண்டாள். புதுப் பல் கட்டினாள். பழமும் மருந்துமாக வாங்கி வைத்துக்கொண்டாள். இங்கே வாடகையும் கட்டி, அங்கே மாதப் பணமும் கட்டி, சுண்டு கன்னம் ஒட்டிப்போனான்.

"எப்படி இருக்காங்க?" என்று என் மகள் கேட்பாள்.

"நல்லாத்தான் இருக்காங்க." அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கும். நல்ல செய்தியை இழவு செய்தி மாதிரிச் சொல்ல அவன் பழகிவிட்டான். கேட்கிறவர்களும் உச்சுக் கொட்டப் பழகிவிட்டார்கள். இருட்டில் ஓர் ஆள் நிற்கிற மாதிரி எனக்கு எங்கள் வீட்டில் உட்காரவே பயமாக இருந்தது.

அவன் பெண் குழந்தை இருக்கிறாளே, வாண்டு, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயசு. அவள் ஒருநாள் அந்த அம்மா வீட்டில் உள் அறையைப் பார்த்துவிட்டு, "இது என் ரூம். நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டுவிட்டாள். சுண்டு அவளை அடிக்கக் கையை ஓங்கியிருக்கிறான். அந்த அம்மா தடுத்துவிட்டாளாம். "குழந்தையை ஏன் அடிக்கிற? நீங்க வீட்டுல பேசுறதைத்தானே பேசுது." பிறகு வாண்டுவிடம் குனிந்து, "எனக்கே தெரியலடி கண்ணு. தெரிஞ்சா உங்கப்பாகிட்டதான் முதல்ல சொல்லுவேன்" என்றாளாம். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். சுண்டுவை அனுப்பவில்லை, ஆனால் வேலை நாளைப் பாதியாக்கிவிட்டார்கள். அதே சமயம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். ஒரு மாதம் அந்த அம்மாவுக்குப் பணம் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை.

"பேசிப் பாருடா, மனுஷிதானே" என்றேன்.

"பேசினேன் பாட்டி. 'உன் கஷ்டம் புரியுது வாரிசு, ஆனா எனக்கும் மருந்து வாங்கணும், எழுதினது எழுதினதுதான்'னு சொல்லிட்டாங்க." அதில் தப்புச் சொல்லவும் என்னால் முடியவில்லை. அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்து அந்தக் கட்டடத்து லிஃப்ட்டில் பிரேக் கட்டை தேய்ந்தது. பிரேக் பிடிக்காமல் ஆளை ஏற்றக் கூடாது. நிறுத்த வேண்டியதுதான், நிறுத்தினான்.

இவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலைக்காக லிஃப்ட்டை நிறுத்துகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். சாவி அவனிடம் மட்டும்தான் இருக்கும். அவன் லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இருக்கும்போது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டால் ஆள் கூழாகிவிடுவான் அல்லவா, அதற்காக. ஒருத்தன் போட்ட பூட்டை அவன்தான் திறக்க வேண்டும். மேலதிகாரி வந்தாலும் தொட மாட்டார். சுண்டு தன் பூட்டைப் போட்டுவிட்டு வந்தான். புதுக் கட்டை வர வேண்டும் என்று கட்டடத்தில் சொன்னான்.

நாள் போய்க்கொண்டே இருந்தது. கீழ் மாடிக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மா மட்டும் போன் போடுவாளாம்.

"பார்ட் வந்துச்சா வாரிசு?"

"இன்னும் வரலம்மா."

"மருந்து தீந்துடுச்சு. இறங்கித்தான் ஆகணும்."

"மெதுவா இறங்குங்க."

ஒருநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது வாண்டு அவன் வேலைப் பையைக் கவிழ்த்துவிட்டாள். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் தரையில் உருண்டது. அதோடு ஒரு பொட்டலமும் விழுந்தது. எண்ணெய்த் தாள் பிரிந்து உள்ளே இரண்டு கட்டை, பளபளவென்று.

"என்னடா இது?"

"பழசு பாட்டி. கழட்டிப் போட்டது."

"பழசுக்கு எவன்டா எண்ணெய்த் தாள் சுத்துவான்?"

அவன் எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் போட்டான்.

"எந்த லிஃப்ட்டுக்குடா வந்தது?"

"உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? சும்மா இருங்களேன்!"

என்னிடம் அவன் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. போட்ட சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டான். கம்பெனியில், கட்டை அளவு மாறி வந்துவிட்டது, திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தான் என்பது பின்னால் தெரிந்தது. அவன் வேலையில் அதுவரை ஒரு பொய் சொன்னதில்லை, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. நான் அன்று முழுக்கக் கட்டிலில் கிடந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வந்து என்ன சொல்லப்போகிறார்களோ என்று இருந்தது.

மூன்றாவது மாதத் தவணை நாள் வந்தது. சுண்டு பெண்டாட்டி தன் வளையலைக் கழற்றி அடகு வைத்துப் பணத்தைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். "போய்க் குடுத்துட்டு வாங்க. இல்லாட்டி இதுவரைக்கும் போட்டதெல்லாம் போயிடும்." அவளுக்குக் கட்டை விஷயம் தெரியாது. அவன் பையை மாட்டிக்கொண்டு போனான்.

இதற்கு மேல் நடந்ததை அவனே என்னிடம் சொன்னான். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவான் போல இருந்தான்.

அவன் படி ஏறிப் போயிருக்கிறான். நான்காவது மாடி திருப்பத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்தில் மருந்துப் பையும் காய்கறியும். உதடு நீலம் பாரித்து, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டதாம். இரண்டு பக்கமும் பூட்டின வீடு. அவள் கூப்பிட்டிருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது.

"வந்துட்டியா வாரிசு" என்றாளாம், காற்று மாதிரி. "யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"கொஞ்ச நேரம் நின்னேன் பாட்டி" என்றான் சுண்டு.

"எவ்வளவு நேரம்டா?"

"தெரியல. நின்னேன்."

பிறகு அவன் குனிந்து அவளை முதுகில் ஏற்றிக்கொண்டான். வேலைப் பை முதுகில் இடித்ததால் அதைக் கழற்றி அவள் தோளில் மாட்டினான். இந்தச் சின்ன உடம்பு அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு படி ஏறியது. பாதியில் அந்த அம்மா கேட்டாளாம். "பை கனமா இருக்கே. இடுப்புல குத்துது. என்ன இது?"

"பிரேக் கட்டை."

"எப்ப வந்துச்சு?"

அவன் ஏறிக்கொண்டே இருந்தான். அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. "அப்புறம் பேசவே இல்ல பாட்டி. காதுக்குப் பக்கத்துல மூச்சு மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு" என்றான்.

வீட்டில் படுக்க வைத்து, டாக்டரை வரவழைத்து, பணத்தை மேசையில் வைத்துவிட்டு, நேராக மேலே மோட்டார் இருக்கிற அறைக்குப் போய்த் தன் வேலையைப் பார்த்தான். கட்டையை மாட்டிப் பூட்டைத் திறக்க ஒரு மணி நேரம் கூட ஆகவில்லையாம். அத்தனை நாள் நின்ற லிஃப்ட்டுக்கு அவ்வளவுதான் வேலை.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கம்பெனிக்கும் போன் போடவில்லை. போட்டால் இவன் வேலை போகும், வேலை போனால் மாதப் பணம் எங்கிருந்து வரும்? வாரிசு என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். இப்போது வெறும் தம்பிதான்.

"விட்டுத் தொலைடா அந்த வீட்டை" என்றேன். "போனது போகட்டும்."

"இத்தனை வருஷம் போட்டது பாட்டி. விட்டா கடைசி வரைக்கும் நாங்க வாடகை வீடுதான். வாண்டுவும் அப்படித்தான். இன்னொரு முன்பணம் இந்த ஜென்மத்துல சேராது."

"அவ போன பிறகு அந்த வீட்டுல உனக்குத் தூக்கம் வருமா?"

"இப்ப மட்டும் வருதா?"

போன மாதம் பணம் கொடுக்கப் போனான். கீழே வாசலிலேயே அந்த அம்மாவைப் பார்த்துவிட்டான். கடைக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கம்மா" என்றான். அவள் அவனைத் தாண்டிப் படிப்பக்கம் போனாள்.

"லிஃப்ட் நல்லா ஓடுதும்மா. நானே பாத்து வெச்சிருக்கேன்."

"தெரியும்" என்றாள். "அதான் நான் நடந்தே வரேன்."

அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. லிஃப்ட்டைச் சரி செய்த நாளிலிருந்து அவள் அதில் காலே வைக்கவில்லை.

"டாக்டர் ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காரேம்மா. நானும் உங்ககூடவே படியில வரேன்."

"வேணாம்பா. பின்னாடி நீ வந்தா எனக்குப் படபடன்னு இருக்கும். நீ லிஃப்ட்ல போ. மேல இரு. வந்துடறேன்."

அவன் தனியாக ஏறிப் போனான். ஆறாவது மாடியில் கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றான். கீழே செருப்புச் சத்தம். ஒரு படி, கொஞ்சம் இளைப்பாறல், இன்னொரு படி. ஏறி ஏறி வந்தது. நான்காவது மாடி கிட்டே வந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

"நின்னே போச்சு பாட்டி. எட்டிப் பாத்தா இருட்டு. கூப்பிட்டா என்ன நெனப்பாங்களோன்னு கூப்பிடவும் இல்ல. அப்படியே நின்னேன்."

"அப்ப உன் மனசுல என்னடா ஓடிச்சு?" என்று கேட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மறுபடி செருப்புச் சத்தம் கேட்டுச்சு பாட்டி" என்றான்.

நான் கேட்டது அதை இல்லை.